சனிக்கிழமை வகுப்புக்கு எந்தப் பைதான்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை. பன்னிரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. பன்னிரண்டும் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. சிலவற்றில் எதையும் நிறுவ முடியாது, நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று குரோம்புக்குகள் வேறு. இணையம் என்றால் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான். மழை பிடித்தால் அதுவும் போச்சு. ஆனால் எல்லாவற்றிலும் உலாவி என்று ஒன்று இருக்கிறது. சரி, பைதான் நிரல்மொழியை உலாவிக்குள்ளேயே ஓட்டிவிடுவோம் என்று இறங்கினேன். எதை வைத்து ஓட்டுவது என்று தெளிவாக எட்டு மாதம் ஆனது.

பைதானை உலாவிக்குள் ஓட்டும் மூன்று கருவிகளைப் பார்த்தேன்: முதலில் ஸ்கல்ப்ட், நடுவில் சில வாரங்கள் பிரைத்தான், இப்போது பையோடைட். பையோடைட்டிலேயே நிற்பதாக முடிவு செய்துவிட்டேன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கட்சிக்காரன் பேச்சுதான்.

உலாவிக்கு நேரடியாகத் தெரிந்த நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். அதற்குள் பைதானைக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. பிள்ளை எழுதும் பைதானை அந்த இடத்திலேயே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டுவது ஒன்று. ஸ்கல்ப்டும், 2012இல் பியேர் கென்டெல் தொடங்கிய பிரைத்தானும் இந்த வகை. மற்றது, நாம் கணினியில் நிறுவும் அதே பைதானை, அதாவது சி மொழியில் எழுதப்பட்ட சிபைதானையே, எம்ஸ்கிரிப்டன் என்ற மாற்றுக் கருவி மூலம், உலாவி ஓட்டக்கூடிய இயந்திர வடிவமான வெப்அசெம்ப்ளியாகத் தொகுத்து உலாவிக்குள் இறக்குவது. 2017 வாக்கில் பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் வெப்அசெம்ப்ளி வந்த பிறகு இது நடைமுறைக்கு வந்தது. 2018இல், ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மோசில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கிய பையோடைட் இந்த வகை. 2021இல் அது மோசில்லாவை விட்டுப் பிரிந்து, தன்னார்வலர்கள் நடத்தும் தனித் திட்டமாகிவிட்டது.

பிரைத்தானைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, அழுத்தினால் நிறம் மாறுவது போன்ற வேலைகளுக்கு அது அருமை. ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டிய இடத்தில் பைதான் எழுதலாம், அதற்காகவே செய்தது. என் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. பிரைத்தானின் பிரவுசர் தொகுதியை (தொகுதி என்றால் ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்) அழைத்துத் தொடங்கும் நிரலைப் பள்ளியில் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே ஓடாது. இணையப் பக்கம் செய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால், நான் சில வாரத்தில் விட்டதை நீங்கள் விட வேண்டியதில்லை.

ஸ்கல்ப்ட்டை விட்டுவர எனக்கு மனமே இல்லை. இரண்டே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், ஒரு எச்டிஎம்எல் பக்கம். பென்டிரைவில் போட்டு, இரட்டைச் சொடுக்கு போட்டால் திறக்கும். வழங்கி (சர்வர்) வேண்டாம், இணையம் வேண்டாம். திரையில் ஆமையை நகர்த்திப் படம் வரையும் டர்ட்டில் தொகுதி அதிலேயே இருக்கிறது. யாராவது முடிவில்லாத லூப், அதாவது நிற்காமல் சுற்றும் நிரல், எழுதிவிட்டால், இத்தனை வினாடிக்கு மேல் ஓடாதே என்று முன்கூட்டியே எல்லை போட்டுவைக்கலாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு முதல் நான்கு மாதம் வேறு எதையும் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த ஏழு வெள்ளி (ரிங்கிட்) கணக்கு வந்தது.

படிவம் 2, அதாவது இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு, படிக்கும் ஒரு பெண், கூலியைப் பங்கு பிரிக்கும் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழை இரண்டால் வகுத்தாள். திரையில் 3 என்று வந்தது. "சார், ஏழு வெள்ளியை ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணா? மீதி ஒரு வெள்ளி யார்கிட்ட?" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் தலையைக்கூடத் தூக்காமல், "கிராணி எடுத்திருப்பாரு" என்றான். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தோண்டினால், அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்து பைதான் 3 என்று சொல்லாவிட்டால் ஸ்கல்ப்ட் பழைய பதிப்பான பைதான் 2 போலவே நடந்துகொள்ளும் என்று தெரிந்தது. பைதான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும். நான் அந்த வரியைச் சேர்க்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

அந்த ஒரு வரியோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. அடுத்த வாரம் ஒரு பையன் எங்கோ காணொளியில் பார்த்த நிரலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். முதல் வரியிலேயே, இந்தத் தொகுதி ஸ்கல்ப்ட்டில் இன்னும் செய்யப்படவில்லை என்று பிழை. பைதானின் நிலையான தொகுதிகளில் பலவும் அதில் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன, உள்ளே ஆள் இல்லை. அதற்கடுத்த வாரம் வேறு ஒன்று. ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுவழி உண்டு. ஆனால் ஒவ்வொரு வெள்ளி இரவும், நாளைய பயிற்சி ஸ்கல்ப்ட்டில் ஓடுமா என்று வரிவரியாகச் சோதித்துப் பார்க்க உட்கார வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு பிழை வந்தால் பிள்ளை எழுதியது தப்பா, நான் சொன்னது தப்பா, அல்லது இது ஸ்கல்ப்ட்டின் குறையா என்று மூன்று இடத்தில் தேட வேண்டும். பத்து நிமிடம் தேடி அது பிள்ளையின் தவறு இல்லை என்று தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும். அதற்குள் அந்தப் பிள்ளை, நமக்கு இது வராது என்று மைலோ பாக்கெட்டைப் பிரிக்கப் போயிருக்கும்.

பையோடைட்டில் இந்த மூன்றாவது சந்தேகம் அநேகமாக இல்லை. ஓடுவது அசல் சிபைதான் என்பதால் பிழைச்செய்தியும் அசல்தான். வரி எண்ணும் சரி, நீங்கள் சொல்ல வந்தது இந்தப் பெயரா என்று கேட்கும் குறிப்பும் சரி, பள்ளிக் கணினியில் புதிய பைதான் இருந்தால் அங்கே வருவதேதான் இங்கேயும் வரும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொத்தம் என்பது எடை பெருக்கல் விலை என்று பிள்ளைகள் அப்படியே எழுதுகிறார்கள், பைதான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ஒரு நாள் 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டோம். பைதான் 5 என்றது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள்: அ, ம், மா, மூன்றுதானே? கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் புள்ளிக்கு ஒரு குறியீடு, காலுக்கு ஒரு குறியீடு என்று தனித்தனியாக எண்ணுவதால் ஐந்தாகிறது என்று விளக்கினேன். பிறகு, தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்ற நிரலகத்தின் கோப்புறையை அப்படியே பையோடைட்டின் கோப்பமைப்புக்குள் போட்டு அழைத்தேன். முழுக்கப் பைதானிலேயே எழுதியது என்பதால் அது வம்பு பண்ணாமல் ஓடி மூன்று எழுத்து என்று சொன்னது. வெளியார் எழுதிய நிரலகத்தை ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்ட முடிந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஸ்கல்ப்ட் ஆசை முழுதாக விட்டது.

வேகம் என்று கேட்பவர்களுக்கு: ஃபயர்பாக்ஸில் சாதாரண பைதானைவிட ஒரு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை மெதுவாக ஓடும் என்று 2019இல் மோசில்லாவே சொன்னது. பெருக்கல் வாய்ப்பாடு அச்சிடும் பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சரி, எடைக்கு வருவோம். பையோடைட்டின் பெரிய குறை அதுதான். அடிப்படைக் கோப்புகளே, நான் இறக்கிய பதிப்பில், பத்து எம்பிக்கு (மெகாபைட்டுக்கு) மேல். கணக்கு, தரவு வேலைகளுக்கான நம்பை, பாண்டாஸ் நிரலகங்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். முதல் சனிக்கிழமை நேராக இணையத்திலிருந்தே இறக்கலாம் என்று பன்னிரண்டு மடிக்கணினியையும் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். பத்தரைக்குப் பசியாற எழுந்தபோது நான்குதான் திறந்திருந்தன. ஸ்கல்ப்ட் நாள்களை நினைத்துக்கொண்டே இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

ஆனால் இதை ஒரு முறை உட்கார்ந்து தீர்த்துவிட முடியும். பையோடைட்டில் அடிப்படை மட்டும் கொண்ட தொகுப்பு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதைப் பழைய மடிக்கணினி ஒன்றில் வைத்து, பைதானோடு வரும் சின்ன வழங்கியை ஓட்டி, இணையமே இல்லாத ஒரு வைஃபை ரூட்டரில் எல்லோரையும் இணைத்தேன். அப்புறம் மழை வந்தாலும் வகுப்பு நிற்பதில்லை. முதல் முறை இறக்கியதை உலாவியே சேமித்து வைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன், நீங்கள் விழ வேண்டாம். முடிவில்லாத லூப் வந்தால் பக்கம் உறையாமல் இருக்க பையோடைட்டை, பக்கத்துக்குப் பின்னால் தனியாக ஓடும் வெப் ஒர்க்கருக்குள் ஓட்ட வேண்டும். ஓடுவதைப் பாதியில் நிறுத்தும் முறையான வழிக்கு, பக்கமும் ஒர்க்கரும் பகிரும் நினைவகமான ஷேர்டு அரே பஃபர் தேவை. உலாவி அதைப் பாதுகாப்பான முகவரிக்கு மட்டும்தான் தரும்: எச்டிடிபிஎஸ், அல்லது அதே கணினியின் லோக்கல்ஹோஸ்ட். 192.168 என்று தொடங்கும் அறைக்குள் முகவரி இரண்டிலும் சேராது. என் வீட்டில், ஒரே கணினியில் சோதித்தபோது எல்லாம் ஓடியது. மண்டபத்தில் எதுவும் ஓடவில்லை. குரோமில் இதற்கு விலக்கு அளிக்கும் மறைவான அமைப்பு ஒன்று உண்டு. பன்னிரண்டிலும் போய் மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.

நான் செய்தது இதுதான். நிறுத்து பொத்தானை அழுத்தினால் ஒர்க்கரையே கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறேன். எங்கள் கிழட்டு இயந்திரங்களில் அது மீண்டும் தயாராக எட்டு, பத்து வினாடி ஆகிறது. ஸ்கல்ப்ட்டில் இந்தக் காத்திருப்பு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பயனரிடம் விடை கேட்டு வாங்கும் இன்புட் கட்டளை இன்னும் வம்பு: ஒர்க்கருக்குள்ளிருந்து பயனரிடம் கேள்வி கேட்கும் சிறு சாளரத்தைத் திறக்க முடியாது. அதற்கு ஒர்க்கர் என் வழங்கியிடம் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். பிள்ளை பக்கத்தில் விடையைத் தட்டியதும் பக்கம் அதை வழங்கிக்கு அனுப்பும். வழங்கி அதை ஒர்க்கருக்குக் கொடுக்கும். பதில் வரும்வரை அசையாமல் நிற்கும் கோரிக்கை ஒர்க்கருக்குள் இன்றும் அனுமதிக்கப்பட்டதுதான். அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கோப்பை நான் தொடவே இல்லை, வெள்ளி இரவுச் சோதனையும் நின்றுவிட்டது.

பையோடைட்டில் டர்ட்டில் கிடையாது. அது, கணினியில் சாளரங்கள் வரையும் டிகேஇன்டரை நம்பி நிற்கும் தொகுதி, இரண்டையுமே நீக்கித்தான் வெளியிடுகிறார்கள். ஆகவே சின்னப் பிள்ளைகளின் ஆமை வகுப்புக்கு மட்டும் பழைய ஸ்கல்ப்ட் பக்கம் அப்படியே இருக்கிறது. தொடக்கப்பள்ளி வயதுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பவர் என்றால், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு ஸ்கல்ப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கைப்பேசியில் செய்வதைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. பிள்ளைகள் பலரிடம் இருப்பது அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் பிரிபெய்டு டேட்டாவும்தான். பையோடைட் சிலவற்றில் திறந்தது, நினைவகம் குறைந்த ஒன்றிரண்டில் பாதியில் விழுந்தது. ஐஃபோன் எதிலும் நான் பார்க்கவில்லை. இதற்கு மைக்ரோபைதான் சரியாக வரலாம் என்று தோன்றுகிறது. நுண்கட்டுப்படுத்திகளுக்காகச் செய்த சின்ன பைதான் அது, அதற்கும் வெப்அசெம்ப்ளி வடிவம் இருக்கிறது, சில நூறு கேபி (கிலோபைட்) தான். 2022இல் அனகோண்டா அறிவித்த பைஸ்கிரிப்ட் இப்போது பையோடைட், மைக்ரோபைதான் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு ஓட்டுகிறது. மைக்ரோபைதானில் மொழிபெயர்ப்பு இல்லை, அதுவும் நேரடியாக ஓடும் பைதான்தான். ஆனால் சிபைதானில் உள்ள எல்லாம் அதில் இராது. இரண்டு மாலைதான் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏழை இரண்டால் வகுத்துப் பார்த்தேன், மூன்றரை என்றது.