'சர்வீஸ் செய்தது' என்று விற்ற ரெகுலேட்டர்: ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் கவனத்துக்கு

டைவிங் பயணம் கூட்டிப்போகிறவர்களே கடையும் வைத்திருந்து, "எல்லாம் சர்வீஸ் செய்து ரெடியாக இருக்கிறது" என்று சிலிண்டர் காற்றை மூச்சிழுக்கிற அளவுக்குக் குறைத்துத் தரும் கருவியான ரெகுலேட்டரை, அதுவும் பழையதை, உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், சர்வீஸ் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எனக்கு அப்படி விற்ற ரெகுலேட்டர் இருபது மீட்டருக்குக் கீழே காலை வாரிவிட்டது. கூட வந்தவர் பக்கத்திலேயே இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் செய்த வேலை இதுதான். பயணத்துக்கான பணத்தை முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வாடகை உபகரணமும் அதில் சேர்த்தி என்று சொல்லியிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் போன் வந்தது. வாடகை ரெகுலேட்டர் எல்லாம் போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல செட் இருக்கிறது, வாங்கிக்கொண்டால் நாளை படகில் ஏறலாம், வராவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. சீட்டு கேட்டேன். "ஆபீஸில் இருக்கிறது சார், மெயிலில் அனுப்பிவிடுகிறோம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. ஹோஸில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது, அதில் பேனாவால் எழுதிய மாதமும் வருடமும். மறுநாள் படகில் பார்த்தால், ஓரத்தில் ஒரு பெட்டி நிறைய வாடகை ரெகுலேட்டர்கள் சும்மா கிடக்கின்றன!

முதல் டைவ் ஆழம் குறைவு. ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் வாய்க்குள் கொஞ்சம் உப்புத்தண்ணீர் தெறித்தது. மேலே வந்ததும், எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியான டைவ் மாஸ்டரிடம் சொன்னேன். காற்றைப் பீய்ச்சி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றும் பர்ஜ் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "உதட்டை இறுக்கிப் பிடிங்க சார், சரியாகிவிடும்" என்றார். வேறு ரெகுலேட்டர் கேட்டதற்கு, அதெல்லாம் அடுத்த குழுவுக்கு என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது டைவில் இருபது மீட்டரைத் தாண்டியதும் மூச்சிழுப்பதே பாடாக இருந்தது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாகக் கெட்டியான கூழைக் குடிப்பது மாதிரி. மேலே இருக்கும்போது இது தெரியாததற்குக் காரணம் உண்டு. மேற்பரப்பில் காற்றின் அழுத்தம் ஒரு பார் (அழுத்தத்தின் அலகு). பத்து மீட்டருக்கு ஒருமுறை இன்னொரு பார் கூடுகிறது. இருபது மீட்டரில் மொத்தம் மூன்று பார். அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் ரெகுலேட்டர் மூன்று மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். உள்ளே அடைப்பு இருந்தால் படகில் உட்கார்ந்து நாலு மூச்சு இழுத்துப் பார்க்கும்போது பிடிபடாது. கொஞ்ச நேரத்தில் ஃப்ரீ ஃப்ளோ ஆரம்பித்தது. வாயிலிருந்து எடுத்தாலும் நிற்காமல் காற்று பீய்ச்சியடித்தது, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜில் முள் இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது. கூட வந்தவரிடம் சைகை காட்டினேன். அவர் தன் சிலிண்டரிலேயே மாட்டியிருக்கும் உபரி வாய்ப்பகுதியான ஆக்டோபஸைக் கொடுத்து, என் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, வெளியே வந்தோம். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

ரெகுலேட்டரை விட என்னைக் கொதிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். காற்று கொடுத்துக் காப்பாற்றியவருக்குத் தலைவலி என்றதும் ஆக்ஸிஜன் கேட்டோம். டைவ் முடிந்து யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலுதவியே சுத்தமான ஆக்ஸிஜன்தான். டைவ் படகு என்றால் அது இருந்தே ஆக வேண்டும். பெட்டி இருந்தது, பூட்டியிருந்தது. சாவி ஆபீஸில். நல்லவேளை, தலைவலி தானாகவே விட்டுவிட்டது. அதே டைவில், 18 மீட்டர் வரைதான் போகலாம் என்ற முதல்நிலைச் சான்றிதழ் மட்டும் உள்ளவர்களையும் எங்களோடு கீழே இறக்கியிருந்தார்கள். அன்று ராத்திரியே விமானம் ஏற வேண்டிய ஒருவரும் இரண்டு டைவையும் முடித்திருந்தார். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது, அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

திரும்பியதும் ரெகுலேட்டரை, அந்தக் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். என் முன்னாலேயே பிரித்தார். சிலிண்டரில் மாட்டுகிற பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், காற்று நுழையும் இடத்தில் பொத்தான் அளவில் ஒரு உலோக ஃபில்டர் இருக்கும். பளிச்சென்று வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியது, பச்சை பிடித்துக் கிடந்தது. உள்ளே தண்ணீர் போய் உலோகம் அரித்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சிழுக்கச் சிரமப்பட்டது இதனால்தான். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் வெடித்தன. வால்வு மூடும்போது காற்றை அடைத்து நிறுத்தும் ஹை பிரஷர் சீட் (seat) என்ற பாகத்தில் வட்டமாக ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. பிரிக்கும் முன்பே, ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வெளிவரும் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிக் காட்டினார்: 9, 10 பார் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டிய முள், நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஃப்ரீ ஃப்ளோவுக்குக் காரணம் அதுதான். வாயில் வைக்கிற பாகமான செகண்ட் ஸ்டேஜில், விடுகிற மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கிழிந்திருந்தது; வாய்க்குள் தண்ணீர் வந்தது அந்த வழியாக. சர்வீஸ் என்றால் முதலில் மாற்றுகிற பாகங்களே இவைதான். ரப்பர் உறையை விலக்கியபோது, வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருந்ததும் தெரிந்தது. அந்த எண் இல்லையென்றால், தயாரிப்பாளர் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெற்ற பொருளா என்று பார்க்கவே வழியில்லை.

கடைக்காரரிடம் இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் இடத்துக்கான மூடியை, அதாவது டஸ்ட் கேப்பை, மூடாமல் நான் கழுவியதால் தண்ணீர் போயிருக்கும் என்று பதில் வந்தது. கேப் மூடாமல் கழுவினால் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் அந்த அளவு பச்சை ஏறுவதும் ஹை பிரஷர் சீட்டில் பள்ளம் விழுவதும் ஒரு நாள் டைவில் நடக்கிற காரியமா? விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முடித்துவிட்டார்கள்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு. டஸ்ட் கேப்பைத் திறந்து ஃபில்டரின் நிறத்தைப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கேப்பை மூடிவிட்டு, சிலிண்டரில் மாட்டாமலே செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். காற்று வரவே கூடாது, வந்தால் எங்கோ ஓட்டை. அப்புறம் சிலிண்டரில் மாட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே நன்றாக நாலு மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து விழுந்து எழுந்தால், வால்வு முழுதாகத் திறக்கவில்லை அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. வால்வு லேசாகத் திறந்திருந்தாலும் கேஜ் 200 பார் காட்டும் என்பதால் வெறும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மிதப்பைக் கட்டுப்படுத்தக் காற்றூதும் ஜாக்கெட்டான பி.சி.டி. என்றால் ஊதிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே வையுங்கள், தொய்ந்தால் வேண்டாம். அதில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டன் அழுத்தியதும் உடனே திரும்ப வர வேண்டும், சிக்கினால் அது உங்களை நிறுத்த முடியாமல் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். சிலிண்டரின் தோள்பகுதியில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சிலிண்டரின் பலத்தைச் சோதித்த ஹைட்ரோ டெஸ்ட் தேதி பொறித்திருக்கும், அதையும் படியுங்கள். இதையெல்லாம் செய்ய விடாமல் "படகுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்துகிற கடையில் மாஸ்க்கூட வாங்காதீர்கள்.

அந்தக் கடை அலமாரியில் கைப்பம்போடு வருகிற அரை லிட்டர் குட்டி சிலிண்டர்களும் இருந்தன, "பயிற்சி தேவையில்லை" என்ற அட்டையோடு. 200 பாருக்கு நிரப்பினாலும் அதில் 100 லிட்டர் காற்றுதான். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஒருவருக்கு மேற்பரப்பிலேயே ஐந்து நிமிடம், பத்து மீட்டரில் அதில் பாதி. தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். அதைச் சொல்லித்தரத்தான் பயிற்சியே. குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி அதை விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

என்னோடு அதே படகில் வந்தவர்களில் இன்னும் சிலருக்கும் இதே மாதிரி செட்டை விற்றிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அடுத்த டைவுக்கு முன்னால் வேறொரு டெக்னீஷியனிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். என் டெக்னீஷியன் எழுதித்தந்த அறிக்கையும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. புகார் கொடுக்க வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.