ஐகாம் ஐசி-7300: திரையைப் பார்த்துக் குரலைச் சரிசெய்த கதை

இந்த ஹாம் ரேடியோ ரிக்கை, அதாவது பேசவும் கேட்கவும் பயன்படும் வானொலிப் பெட்டியை, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. புதிதில் எழுதியிருந்தால் திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருப்பேன், அதனால் பொறுத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

இதற்கு முன் என் மேசையில் இருந்தது ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் என்ற எளிய ரிக். இரண்டு வரி எல்சிடி, அதில் அலைவரிசை எண், அவ்வளவுதான். பேண்டில், அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பகுதியில், யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் குமிழைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பெட்டியில்தான் கேட்கவே கற்றுக்கொண்டேன், அதன் மேல் இன்றும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் என் குரல் வெளியே எப்படிப் போகிறது என்பதை அதில் எதிர்முனைக்காரர் சொன்னால்தான் தெரிந்துகொள்ள முடியும். 7300 எனக்கு மாற்றியது அதைத்தான்.

2016-இல் வந்த ரிக் இது. ஆண்டெனாவில் வரும் சிக்னலை நேரடியாக டிஜிட்டலாக்கிவிடுகிறது, 4.3 அங்குலத் தொடுதிரையில் ஸ்பெக்ட்ரமும் (எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று காட்டும் வரைபடம்) வாட்டர்ஃபாலும் (அதே படம் நேரத்தோடு அருவி போல் இறங்குவது) ஓடுகின்றன. எண்ணில் 7.150 மெகாஹெர்ட்ஸ் என்று தெரிந்தால் நம் குரல் சரியாக அந்த இடத்தில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அது கேரியரின், அதாவது குரலைச் சுமக்கும், அனுப்பும்போது அடக்கிவிடும் அலையின் இடம்தான். நாற்பது மீட்டர் பேண்டில் எல்எஸ்பியில், அதாவது கேரியருக்குக் கீழ்ப்பக்கத்தை மட்டும் அனுப்பும் முறையில், பேசும்போது குரல் முழுவதும் அந்த எண்ணுக்கு இடப்பக்கம், அதாவது அகல (வைட்) அமைப்பில் சுமார் 7.1471 முதல் 7.1499 வரை பரவியிருக்கும். ஸ்கோப்பின் (அந்த ஸ்பெக்ட்ரம் திரையின்) அமைப்பில் கேரியர் பாயின்ட் சென்டர் என்று வைத்துவிட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நடுவில் கோடு, அதற்கு இடப்பக்கம் மட்டும் குரல் மலையும் பள்ளமுமாக எழும். மேலே இன்னொருவர் 7.153-இல் பேசினால் அவர் குரலின் வால் நம் கோட்டுக்கு எவ்வளவு அருகே வருகிறது என்பதும் தெரியும். இது தெரியாமல் குரலை அகலப்படுத்த, அதாவது இன்னும் அதிக அலைவரிசை இடம் எடுத்து அனுப்ப, போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, அகலக் குரலுக்கு வருவோம். இதில் அனுப்பும் ஆடியோவுக்கு வைட் (அகலம்), மிட் (நடுத்தரம்), நேரோ (குறுகல்) என்று மூன்று தேர்வு. ஒவ்வொன்றிலும் கீழ் எல்லையை 100, 200, 300, 500 ஹெர்ட்ஸ் என்றும், மேல் எல்லையை 2500, 2700, 2800, 2900 என்றும் நாமே மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து வரும்போது வைட் 100 முதல் 2900, மிட் 300 முதல் 2700, நேரோ 500 முதல் 2500. ஞாயிறு காலை நெட்டில், அதாவது பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் சந்திப்பில், முதன்முறை வைட் போட்டதும் மதுரை நண்பர், "என்ன தம்பி, பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கே" என்றார். மேல் எல்லை 2900தான். ஸ, ஷ, ஃப ஒலிகளின் பலம் பெரும்பாலும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருப்பதால் அவை முழுதாக வந்துவிடுவதில்லை. அவர் கேட்டது கீழே கிடைத்த கனத்தைத்தான், ஒருவர் நேரில் பேசும்போது இருக்கும் அந்த நெஞ்சுக் குரலை.

அந்த மகிழ்ச்சி இரண்டாவது வாரம் போய்விட்டது. நெட்டில் மூத்தவர் ஒருவர் நேராகவே சொன்னார்: "தம்பி, உன் குரல் மேலேயும் கீழேயும் வழியுது, பக்கத்துல இருக்கவங்களுக்குத் தொந்தரவு." வைட் போட்டதுதான் காரணம் என்று நினைத்து மிட்டுக்கு மாறினேன், குறையவில்லை. மீட்டரை ஏஎல்சிக்கு (அனுப்பும் அளவு மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) மாற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் மீட்டர் பட்டை குறித்த பகுதியைத் தாண்டி ஓடியிருக்கிறது. மைக் கெயினைக் கூட்டி வைத்தது நான்தான். அதைக் குறைத்து, உரக்கப் பேசினாலும் பட்டை அந்தப் பகுதிக்குள்ளேயே நிற்கும்படி வைத்ததும் புகார் நின்றது. அகலம் என்பது ஃபில்டரில் நாம் தேர்ந்தெடுப்பது, வழிவது என்பது அதிகமாக ஓட்டுவதால் வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு அகலக் குரல்காரர்களைத் திட்டுவோர் பேண்டில் நிறையப் பேர்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒலியை வரைபடமாகக் காட்டும் ஆடியோ ஸ்கோப். நம் குரலை நாமே கேட்கும் மானிட்டர் வசதியை ஆன் செய்துவிட்டு, டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டி, சக்தியைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கும் சுமை) பிடிடியை, அதாவது பேசும் பொத்தானை, அழுத்திப் பேசினால் நம் மைக் ஆடியோவையே திரையில் காட்டும். ஒருநாள் நான் எதுவும் பேசாமல் அழுத்திக்கொண்டிருந்தேன், இடது ஓரத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மேடு ஆடிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி! அதை நிறுத்தியதும் மேடு அப்படியே அமுங்கியது. இவ்வளவு நாள் என் நூறு வாட்டில் ஒரு பங்கு காற்றடிக்கும் சத்தத்துக்குப் போயிருக்கிறது. அன்றே வைட்டின் கீழ் எல்லையை 200 ஆக்கினேன், இன்றும் அப்படியே.

கேட்கும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் எவ்வளவு அகலமாக அனுப்பினாலும் எதிரே 2.4 கிலோஹெர்ட்ஸில் கேட்டால் பலன் பாதிதான். 7300-இன் எஸ்எஸ்பி (எல்எஸ்பி போன்ற ஒருபக்கக் குரல் முறை) ஃபில்டரை 3.6 வரை திறக்கலாம், ஆனால் 2.4-இலிருந்து 3.6 போனால் இரைச்சலும் சுமார் 1.8 டெசிபல் கூடும். காலையில் பலமான சிக்னலுக்கு அது பொருட்டே இல்லை. கோடை மாலையில் இடி இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைப் பிடிக்கும்போது அந்த 1.8 பெரிது. அப்போதெல்லாம் நான் குறுகலாகத்தான் வைப்பேன், டிஎக்ஸ், அதாவது தொலைதூர நிலையங்களை, கூப்பிடும்போதும் அப்படியே.

2900-க்கு மேல் இதில் போக முடியாது. நான்கு கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வானொலி நிலையம் மாதிரி ஒலிக்க விரும்புகிறவர்களுக்கு இது சரியான பெட்டி இல்லை. இந்தியாவில் நாற்பது மீட்டரே 7.000 முதல் 7.200 வரைதான், அதில் ஞாயிறு காலை எத்தனை பேர் என்று வாட்டர்ஃபாலைப் பார்த்தால் தெரியும். எனக்கு 2900 போதும். வெளியே பெரிய மானிட்டரில் போட்டுப் பார்க்க இணைப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் கடையில் ஒருமுறை திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 13.8 வோல்ட்டில் 21 ஆம்பியர் வரை இழுக்கும், பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

விலை லட்சத்தைத் தாண்டும். எனக்கு அது வீணாகவில்லை, காரணம் அந்த ஆடியோ ஸ்கோப்பும் ஏஎல்சி மீட்டரும்தான். வாங்கினால் முதல் நாள் ஆண்டெனாவை மாட்டாமல் டம்மி லோடில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், மின்விசிறியை ஓடவிட்டு ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை.