மியோவின் 14, 15: ஹெட்ஃபோனா, எட்டுப் பேரா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நாலு பேர் வாசிப்பவை) 18. 'குரோஸ ஃபியூக' என்ற தனித் துண்டையும் சேர்த்தால் பேத்தோவனுக்கு 17. அதைவிட ஒன்று கூட எழுதுவேன் என்று 1920-லேயே சொல்லி வைத்தவர். கடைசிக் காலத்தவற்றில் வம்பு பிடித்த ஜோடி 14-ம் 15-ம் (ஓபஸ், அதாவது படைப்பு எண் 291, 1948-49). தனித்தனியாக வாசிக்கலாம், ஒரே நேரத்தில் வாசித்தால் எட்டுப் பேருக்கான ஆக்டெட். 1949-ல் கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் புடாபெஸ்ட், பகனினி ஆகிய இரு குவார்ட்டெட் குழுக்களும் சேர்ந்து ஆக்டெட்டை அரங்கேற்றின.

இந்த ஆக்டெட்டைக் கேட்க மூன்று வழி.

முதலாவது, புடாபெஸ்ட் குழு கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குச் செய்த மோனோ (இடம், வலம் பிரிவில்லாத ஒற்றைத் தட ஒலி) பதிவு. எட்டு பாகத்தையும் நாலே பேர் வாசித்தார்கள். ஒரு குவார்ட்டெட்டைப் பதிந்துவிட்டு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடியே மற்றதை வாசித்தார்கள். இரண்டு முதல் வயலினும் ரோய்ஸ்மன்தான், இரண்டு வியோலாவும் க்ரோய்ட்தான். நாதம் ஒன்றுபோல் இழையும். குறையும் அங்கேயே இருக்கிறது: பிந்திப் பதிந்தவர்கள் முந்தியதைப் பின்தொடரலாம், முந்தியது இவர்களுக்காக ஒரு கணம்கூட நிற்காது. மோனோ என்பதால் எட்டு இழையும் ஒரே புள்ளியிலிருந்து வரும். எது 14, எது 15 என்று காது பிரிக்கத் திணறும். அதனால் இந்தத் தட்டில் தனிக் குவார்ட்டெட்டுகளை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டு ஆக்டெட்டுக்குப் போவதே சரி.

இரண்டாவது, எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்த ஸ்டீரியோ பதிவு. ஒரு குழு இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கலந்து உட்கார்ந்திருந்தால் மோனோவில் பட்ட பாடு பாதி திரும்பும்.

மூன்றாவது, வீட்டுச் சமையல். பாரிசி குழு 18-ஐயும் முழுத் தொகுப்பாகப் பதிந்திருக்கிறது. அதிலிருந்து 14, 15-ஐ எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு டிராக்காகப் போடுங்கள். முதலில் இரண்டையும் மோனோவாக்கிவிட்டுத்தான் இடம், வலம் தள்ள வேண்டும். ஸ்டீரியோவாகவே தள்ளினால் ஒரு பக்கத்து ஒலி காணாமல் போகும். ஒவ்வொன்றின் மூன்று பகுதிகளையும் தனித்தனியாக வெட்டி, முதல் தாள அடியில் சேருங்கள்.

பிறகுதான் வினை. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஒரு சதவீத வித்தியாசம் நாலு நிமிடத்தில் கிட்டத்தட்ட 5 அடியாகிவிடும். மொத்த வேகத்தைச் சமன் செய்தாலும் போதாது, ஒவ்வொரு குழுவும் வாக்கிய முடிவில் தன் இஷ்டத்துக்கு மூச்சு விடும். எட்டு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஒரு வெட்டு போட்டுச் சரிசெய்வதே வழி. வெவ்வேறு குழுக்களின் தட்டுகளைக் கலப்பவர்களுக்குச் சுருதித் தொல்லையும் உண்டு: ஒன்று 440, மற்றது 442 ஹெர்ட்ஸ் என்றால் 'ஏ' சுரத்தில் நொடிக்கு இரண்டு முறை அதிர்வு அலைபாயும். 440-ஐ 8 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றினால் அடங்கும்.

காசு ஒன்றுக்குத்தான் என்றால் எட்டுப் பேர் பதிவு. புடாபெஸ்ட் தட்டு பழைய எல்பி கடையில் சிக்கினால் அதையும் விடாதீர்கள்.