ஓராண்டு பிரெப் மாத்திரை: ஒரு பயனரின் மதிப்பீடு

எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுப்பதற்காக நாள்தோறும் உட்கொள்ளும் பிரெப் மாத்திரையை, அதாவது டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த மருந்தை, ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். மருத்துவர்கள் இதைப் பற்றிச் சொல்வது நிறையக் கிடைக்கிறது. ஆண்களை நேசிக்கும் என் போன்ற இளைஞர்கள் இதை ஏன் வாங்கவே தயங்குகிறோம், வாங்கிய பின்னும் ஏன் பாதியில் நிறுத்துகிறோம் என்பது அவ்வளவாக எழுதப்படுவதில்லை.

மருந்தின் செயல்பாட்டில் எனக்குக் குறை இல்லை. 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில், மாத்திரை வழங்கப்பட்டவர்களிடையே தொற்று 44 விழுக்காடு குறைந்தது என்று படித்து, பாதிகூட இல்லையே என்று ஒதுக்கியவன் நான். மாத்திரையைப் பெற்றுக்கொண்டு ஒழுங்காக உட்கொள்ளாதவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பது பின்னரே புரிந்தது. தவறாமல் உட்கொண்டால், உடலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 விழுக்காடு குறைகிறது. தொடக்கத்தில் இரண்டு வாரம் குமட்டலும் லேசான தலைவலியும் இருந்தன, பிறகு நின்றுவிட்டன.

என் தயக்கத்துக்கு மருந்து காரணமன்று. "எனக்கு எதற்கு இது?" என்ற கேள்வியைப் பல மாதங்கள் சுமந்து திரிந்தேன். பலரோடு பழகுகிறவர்களுக்கு உரியது, நான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று நினைத்தேன். தொற்றோடு வாழ்கிறவர்களைத் தாழ்வாகக் கருதும் மனமே அந்த நினைப்புக்கு அடியில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் இம்மருந்து தடுப்புக்கென ஒப்புதல் பெற்ற காலத்தில், இதை உட்கொண்ட ஆண்களை ஒழுக்கமற்றவர்கள் என்று இழித்துப் பேசியவர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் இருந்தார்கள். இன்றும் மாத்திரையைக் கண்டால், "அப்படியானால் வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று துணைவர் சந்தேகப்படுவது உண்டு.

மாத்திரைக் குப்பி இன்னொரு சிக்கல். இதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுவதால், பெயரைத் தேடிப் பார்ப்பவர் நமக்குத் தொற்று இருப்பதாகவே முடிவு கட்டிவிடுவார். என் நண்பர் ஒருவர், தம் அக்கா குப்பியைக் கண்டெடுத்த அன்றே மருந்தை நிறுத்திவிட்டார். நோய் இல்லை, நோய் வராமலிருக்கத்தான் என்று விளக்கினால் அடுத்த கேள்வி "யாரோடு?" என்பதாக இருக்கும், அதற்கு விடை சொல்ல அவர் அன்று ஆயத்தமாக இல்லை.

மருத்துவச் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் அணுகிய மருத்துவர், "ஆணுறை போதாதா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டார். சிபிலிஸ், கொனோரியா போன்ற பிற பால்வினை நோய்களை இம்மாத்திரை தடுக்காது என்பதால் ஆணுறைக்கு இன்றும் இடமுண்டு. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த கண்டிப்பு என்னை மேலும் இரண்டு மாதம் தள்ளிப்போட வைத்தது. இப்போது செல்லும் இடத்தில், தொடங்கும் முன்பே எச்.ஐ.வி., சிறுநீரகச் செயல்பாடு, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்தார்கள். இம்மருந்துகள் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்குபவை என்பதால், அத்தொற்று உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று பொறுமையாக விளக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தொடர்கிறது. என்னைப் போன்ற இளையோருக்கு அந்த இடைவெளி நீளம் என்பது என் கருத்து. மாதந்தோறும் சென்றபோது ஒரு நாளும் மறக்காத நான், சந்திப்புகள் அரிதானதும் மறக்கத் தொடங்கினேன்; இளைஞர்களிடையே நடந்த ஆய்வுகளிலும் இதுவே தெரிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு நான் இதைத் தொடர்வதற்குக் காரணம், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரவுகளில் இப்போது உறங்க முடிகிறது என்பதே.

குப்பியை வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ரவிர் ஊசியும், 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசியும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வீட்டில் எதையும் வைத்திருக்க வேண்டாமா?" என்றுதான் முதலில் கேட்டார். வேண்டாம் என்றேன். எதைத் தொடங்கினாலும் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பதால், என் அடுத்த சந்திப்புக்கு அவரும் உடன் வருகிறார்.