பாலிக் பூலாவா, பாசார் தானியா, சௌராஸ்தாவா?

பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு வார இறுதிக் காலையில் காய்கறி வாங்க மூன்று வழி உண்டு. மலையைத் தாண்டி பாலிக் பூலாவ் சந்தைக்குப் போகலாம். பக்கத்தில் எங்காவது திடலில் கூடும் பாசார் தானிக்கு, அதாவது விவசாயிகள் சந்தைக்குப் போகலாம். இல்லையென்றால் ஜார்ஜ் டவுனில் 1890 முதல் இருக்கும் சௌராஸ்தா சந்தை, அதை விட்டால் லிட்டல் இந்தியா. கம்பத்துச் சந்தையில்தான், அதாவது கிராமத்துச் சந்தையில்தான், எல்லாம் மலிவு, எல்லாம் அன்று பறித்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

முட்டைக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது கேமரன் மலையில் விளைவது. கேரட் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, சின்ன வெங்காயம் இந்தியாவிலிருந்து. மூன்றும் பாலிக் பூலாவிலும் கிடைக்கும். ஆனால் மொத்த வியாபாரியிடம் எடுத்து லாரியில் ஏற்றி வந்த சரக்கு. கிராமத்து மேசைக்கு வந்துவிட்டதால் அது புதுசாகிவிடாது, மலிவாகவும் ஆகாது. இதை வாங்க மலை ஏறுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

அப்படியானால் அங்கே எதற்குப் போவது? முதல் சுற்றில் எதையும் வாங்காமல் சும்மா நடந்து பாருங்கள். பத்துப் பதினைந்து வகைக் காய், எல்லாம் ஒரே அளவில், பிளாஸ்டிக் கூடை கூடையாக இருந்தால் அது மொத்தச் சரக்கு. நாலே நாலு பொருள், கோணல்மாணலாக, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாகச் சாக்கில் விரித்திருந்தால் வீட்டுக் கொல்லையில் வந்ததாக இருக்கும். சந்தேகம் இருந்தால் "காக், தானாம் செண்டிரி கா?" (அக்கா, நீங்களே நட்டதா?) என்று மலாயில் கேட்டுவிடுங்கள். சொந்தமாக நட்டவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார், கூடவே சமையல் குறிப்பும் வரும். அங்கே பார்க்க வேண்டியவை மரவள்ளிக் கொழுந்து, சாயூர் மானிஸ் கீரை, வல்லாரை, பாக்கு எனும் பெரணித் தளிர், பாண்டான் இலை, லக்சா நூடுல்ஸுக்குப் போடும் புங்கா கந்தான் பூ, வாழைப்பூ, பெத்தாய் எனும் நாற்ற அவரை. சாயந்தரத்துக்குள் வாடிப்போகிற பொருள்களில் கம்பத்துச் சந்தையை எதுவும் அடிக்க முடியாது. பேரம் பேச வேண்டாம். நாலு கட்டு எடுத்தால் அவர்களே ஒன்றைச் சேர்த்துப் போடுவார்கள்.

ஜூன், ஜூலையில் துரியான் பழக் காலத்தில் போனால் கதையே வேறு. துரியான் மரத்திலேயே பழுத்துத் தானாக விழும்வரை இங்கே காத்திருப்பார்கள். விழுந்த சில மணி நேரத்தில் தின்றால்தான் அந்த ருசி. அதனால் தோட்டத்துக்குப் பக்கத்தில் போய்த் தின்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பாலிக் பூலாவ் வரை போய் மூசாங் கிங் துரியான் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது கிளந்தான் இரகம், 1993இல் டி197 என்று பதிவானது. இப்போது எல்லா இடத்திலும் நட்டிருக்கிறார்கள், கோலாலம்பூர் பேரங்காடியிலும் கிடைக்கும். 2015இல் டி200 ஆகப் பதிவான கருப்பு முள் (பிளாக் தார்ன்) துரியானுக்குச் சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் சுங்கை பாக்காப். பாலிக் பூலாவில் பினாங்கு இரகங்களான அங் ஹே கேளுங்கள், ஹோர் லோர் கேளுங்கள். கையில் காசு குறைவு என்றால் கூறு கட்டி வைத்திருக்கும் பெயரில்லாக் கம்பத்துத் துரியானே போதும். ஒன்று கசக்கும், ஒன்று தித்திக்கும், அதிர்ஷ்டந்தான்.

சாதிக்காயும் பாலிக் பூலாவ் பக்கத்துச் சொத்துதான். கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து நட்ட பயிர். 1860 வாக்கில் நோய் வந்து பெரிய தோட்டங்கள் அழிந்தன, அப்புறமும் மலைச்சரிவில் தங்கிவிட்டது. பச்சைக் காய் வேண்டுமானால் அங்கே போங்கள். ஊறுகாய் போட்ட சாதிக்காய்க்குச் சௌராஸ்தாதான். ஜெருக் எனும் ஊறுகாய்க் கடைகளில் அத்தனை வகை இருக்கிறது, ருசி பார்த்தும் வாங்கலாம்.

பாசார் தானியை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. தார் போட்ட திடல், கூடாரம், வெயில், அவ்வளவுதான். விவசாயி இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க வேண்டும் என்று அரசாங்க விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா 1985இல் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது நாசி லெமாக் சோறும் கைலியும் சேர்ந்தே விற்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் வாரம் முழுக்கச் சமைக்கிற வீட்டுக்கு வேண்டிய வெண்டை, கத்தரி, பயத்தங்காய், வெள்ளரி, மிளகாய், முட்டை, மீன் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். வீட்டுச் செலவு என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். மலைச் சந்தைப் பெருமை பேசுகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

முருங்கைக்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம் எல்லாம் லிட்டல் இந்தியாவில். விசேஷத்துக்கு முதல் நாள் வேறெங்கும் அலைய வேண்டாம்.

பாலிக் பூலாவுக்கு முடிவு செய்துவிட்டால், துன் சார்டோன் ரோடு குறுக்கு வழி. ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. பின் சீட்டில் தலைசுற்றும் பிள்ளை இருந்தால் பாயான் லெப்பாஸ் வழியாகவே போங்கள். ஜார்ஜ் டவுன் ஜெட்டி எனும் படகுத்துறையிலிருந்து 401ஈ பஸ்ஸும் விமான நிலையம் தாண்டி அந்தப் பக்கமாகத்தான் போகிறது. கட்டுக்கீரை காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். துரியானோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள், வாங்கியதை அங்கேயே தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு ஏறுங்கள்.