சிறுகிழங்கு திசு வளர்ப்பு நாற்று: 100 வாங்கி நட்ட அனுபவம்

சேலத்தில் கிழங்கு என்றாலே குச்சிக்கிழங்கு, அது போவது ஜவ்வரிசி ஆலைக்கு. எனக்குச் சிறுகிழங்குதான் உயிர். அதனால் வாழப்பாடி பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் ஆடியில் 100 திசு வளர்ப்பு நாற்று (ஆய்வகத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து வளர்த்தது) வாங்கினேன், ஒன்று 12 ரூபாய்.

குழித்தட்டைக் கவிழ்த்தால் வேர் வெள்ளை வெளேரென்று, தென்னை நார்க்கழிவோடு அப்படியே கையில் வந்தது. வேரைத் தாக்கும் நூற்புழுவால் வரும் முடிச்சு ஒன்றுகூட இல்லை. ஆனால் வெயிலுக்குப் பழக்காமல் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரத்தில் 14 கருகின. கேட்டதும் மாற்று நாற்று தந்தார்கள், சரி. நீங்கள் வாங்கினால் பத்து நாள் நிழல்வலையில் வைத்துவிட்டு நடுங்கள்.

"கதிர் பாய்ச்சிய கிழங்கா, சாப்பிடலாமா?" என்று என் மாமியார் பயந்தார். என் நாற்றுக்குக் கதிர் எதுவும் காட்டவில்லை. காட்டினாலும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் காமா கதிர் செடிக்குள் தங்குவதில்லை, மரபணுவை மாற்றிவிட்டுப் போய்விடும். சிறுகிழங்கு விதை பிடிப்பது அரிது, ஒட்டுச்சேர்த்துப் புது ரகம் எடுப்பது கஷ்டம். அதனால்தான் கதிர் பாய்ச்சிப் புது ரகம் எடுக்கும் இந்த வழி. கதிர் பட்ட தளிரில் மாறிய செல்லும் மாறாததும் கலந்திருக்கும். திசு வளர்ப்பில் திரும்பத் திரும்பப் பெருக்கித்தான் பிரிக்கிறார்கள். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'சுபலா' ரகமே திசு வளர்ப்பில் உண்டான மாறுபாடுதான்.

தையில் தோண்டினோம். கிழங்கு ஒரே அளவாக, சாக்கில் போட்டுத் தேய்த்ததும் தோல் கழன்றது. மாமியார் இரண்டு முறை பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.