ஷோ, டெமான்ஸ்ட்ரேட், இண்டிகேட்: எந்த இடத்தில் எது?

மூன்றுக்கும் அகராதியில் ‘காட்டு’ என்று போட்டிருக்கும். அதை நம்பி மாற்றி மாற்றி எழுதினால் பொருள் பிசகும். தமிழிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது: காட்டு, செய்துகாட்டு, குறிகாட்டு.

புது வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மாடலைக் கண்முன் நிறுத்தினால் அது ஷோ. வீட்டுக்கு ஆள் வந்து, குழாயை மாட்டி, நாலு துணி போட்டு ஓட்டிக் காண்பித்தால் டெமான்ஸ்ட்ரேட். நாம் ‘டெமோ’ என்பது அதைத்தான். மூடி சரியாக மூடவில்லை என்று விளக்கு மின்னினால் இண்டிகேட். விளக்கு மூடியைக் காட்டவில்லை, சேதியைத்தான் சொல்கிறது.

ஆய்வுக் கட்டுரையில் இந்த வேறுபாடு பெரிது. டெமான்ஸ்ட்ரேட் என்றால் நிரூபித்தாயிற்று என்று பொருள். 20 பேரிடம் கேட்ட சர்வேக்கு அந்தச் சொல் தாங்காது, இண்டிகேட் போதும். ஷோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும், தயங்கினால் அதையே போடலாம். ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்ந்து வந்தால் டெமான்ஸ்ட்ரேட் ஆர்ப்பாட்டம் ஆகிவிடும், கவனம்.

அதிகம் சறுக்குவது வாக்கிய அமைப்பில். ‘எனக்குக் காட்டு’, ‘எனக்குச் செய்துகாட்டு’ என்று தமிழில் ஒரே மாதிரி வருவதால் ‘டெமான்ஸ்ட்ரேட் மீ தி மெஷின்’ என்று எழுதிவிடுகிறோம். அது பிழை. ‘ஷோ மீ தி மெஷின்’ சரி. மற்ற இரண்டுக்கும் ‘டு மீ’ வேண்டும்: ‘டெமான்ஸ்ட்ரேட் தி மெஷின் டு மீ’.

உண் என்பது ஊட்டு ஆனதுபோல, காண் என்பது காட்டு ஆனது. காணச் செய்வது என்று பொருள். ஆனால் புழக்கத்தில் அது வெகுதூரம் போய்விட்டது. அப்பளத்தைத் தணலில் காட்டுகிறோம், வற்றலை வெயிலில் காட்டுகிறோம், சாமிக்குச் சூடம் காட்டுகிறோம். இவை எதற்கும் இந்த மூன்றும் ஒத்துவராது. அப்பளத்துக்கு ‘ஹோல்ட்’, வற்றலுக்கு ‘ட்ரை’ என்று செயலைப் பார்த்து வினையைத் தேட வேண்டும். ‘டாக்டரிடம் காட்டினேன்’ என்பதை ‘ஷோட் டு தி டாக்டர்’ என்றால் நம் ஊரில் புரியும். வெளியூருக்கு எழுதும்போது ‘சா எ டாக்டர்’ என்பதே இயல்பு. படம் காட்டுவதற்கு மட்டும் பொருத்தமாக ‘ஷோ ஆஃப்’ இருக்கிறது. காட்டிக்கொடுப்பது ‘பிட்ரே’; அங்கே ஷோவுக்கு வேலையே இல்லை.